கரடிச் சேட்டுப் போட்ட வெருளி

புத்தூர் மேசன் குகதாசன் பயப்படத் தொடங்கி நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. அரசாங்கம் பயத்தை ஓர் உத்தியோகமாக ஏற்றுக்கொண்டிருந்தால் இந்நேரம் அவர் மூப்புப் பட்டியலில் முதலாவதாக நின்றிருப்பார். ஏழு வயதில் கிணற்றுக்குள் கிடந்த ஆமைக்குப் பயந்தார். பதினாறு வயதில் ஹெலிகொப்டருக்குப் பயந்தார். அதற்கு ஊரே பயந்ததால் அதை அவருடைய தனிச் சாதனையாகக் கொள்ள முடியாது. தொண்ணூற்றைந்தில் போர் துரத்த வலிகாமம் முழுவதும் மூட்டைமுடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் நடந்து கொடிகாமம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூட வாசலில், பருப்புக்கு நின்ற வரிசையில், தன்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டு நின்ற குணலட்சுமியைக் கண்டார். இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் தான் தைரியசாலியாகத் தெரியலாம் என்று எண்ணிக் கலியாணம் செய்தார். எண்ணம் பிழைத்தது. கலியாணத்துக்குப் பிறகு குணலட்சுமிக்குப் பயம் விட்டுப்போயிற்று. அவளுடைய பங்கையும் சேர்த்து அவரே பயப்பட வேண்டியதாயிற்று.

இவை எல்லாம் நியாயமான பயங்கள். கேட்டால் எவரும் தலையாட்டுவார்கள். ஐம்பத்து நாலாவது வயதில் அவரைப் பிடித்த பயத்தைத்தான் வெளியில் சொல்ல முடியாமல் இருந்தது. அது அமெரிக்காவில் இருந்து வந்தது. இரண்டு முனையும் கூரான ஒரு பந்தினால் வந்தது. அந்தப் பந்தை அவர் இன்றுவரை தொட்டதில்லை.

இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது குகதாசனின் வீடு இருந்த இடத்தில் வீடு இருக்கவில்லை. புகையிலைத் தோட்டக்காரர் ஏரம்பர் தன் வளவின் பின்மூலையைக் காட்டி, "உதிலை ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இரு. காணி உறுதியைப் பிறகு எழுதித் தாறன்" என்றார். ஒன்றரைப் பரப்புக் காணி. ஏரம்பர் வாக்குத் தவறாத மனிதர்; அவசரப்படாத மனிதரும்கூட. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் "பிறகு" என்றே சொல்லி, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் கண்ணை மூடினார். வளவு, அமெரிக்காவில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பிரிக்காத பங்காகப் போயிற்று. குகதாசனின் கொட்டில், அதற்குள் அவர் கட்டிய கல்லடுப்பு, குணலட்சுமி வைத்த இரண்டு தென்னை, எல்லாம் ஒரு பேப்பரும் இல்லாமல் அந்த மூலையில் நின்றன. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் அவை அவருடையவை. ஒருவர் மட்டும் வைத்தால் அவை ஒருவருடையவையும் இல்லை.

பிள்ளைகள் தங்கமானவர்கள். மூத்தவர் சுதாகரன் கிரீன் பே என்ற ஊரில் ஆஸ்பத்திரியில் வேலை. இளையவர் கஜீபன் சிக்காகோவில் கணினிப் பொறியியலாளர். தகப்பனின் வளவில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மாடிவீடு கட்டினார்கள். கீழ்வீடு அண்ணனுக்கு, மேல்வீடு தம்பிக்கு. மேசன் வேலை குகதாசனுக்கு. "அப்பா சொன்னது சொன்னதுதான் அண்ணை. ரெண்டு பேரும் வரேக்கை எழுதித் தாறம்" என்று போனில் இரண்டு பேரும் சொன்னார்கள், தனித்தனியாக.

தனித்தனியாகத்தான் சொல்வார்கள். ஏனென்றால் வருடத்தில் பாதி நாள் அவர்களுக்குள் கதை பேச்சு இல்லை.

யாழ்ப்பாணத்தில் அண்ணன் தம்பி கோபித்துக்கொள்வதற்கென்றே வேலி என்று ஒன்று உண்டு. எல்லைக் கதியால் ஒரு சாண் இங்காலே வந்தால் காணும், மூன்று தலைமுறைக்குப் பகை ஓடும். ஏரம்பரின் பிள்ளைகள் காணியைப் பிரிக்கவும் இல்லை, வேலி போடவும் இல்லை. ஊரில் இது ஒரு குறையாகவே பேசப்பட்டது. அந்தக் குறையை அவர்கள் அமெரிக்காவில் தீர்த்துக்கொண்டார்கள். சிக்காகோவில் ஒரு பந்துக் கோஷ்டி, பெயர் கரடிகள். கிரீன் பேயில் ஒரு பந்துக் கோஷ்டி. பெயர் பொதி கட்டுகிறவர்கள். இறைச்சி பொதி செய்யும் கொம்பனி ஒன்று ஆதியில் உடுப்புக்கு உதவிய நன்றிக்கு அந்தப் பெயர். இரண்டு ஊருக்கும் இடையே யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் உள்ள தூரம். இரண்டு கோஷ்டிக்கும் இடையே நூறு வருடத்துக்கு மேற்பட்ட பகை. அண்ணனும் தம்பியும் அவரவர் ஊர்க் கோஷ்டியின் பக்கம். கிரீன் பே யாழ்ப்பாணப் பட்டினத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய ஊர். கோஷ்டியில் ஊர்ச்சனமே பங்கு வைத்திருக்கிறார்கள். சுதாகரனிடமும் ஒரு பங்கு இருந்தது. அதைச் சட்டம் போட்டுச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் கொழுவியிருந்தார். புத்தூரில் இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரு ரெனிஸ் பந்தைக்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

குகதாசன் அமெரிக்கன் ஃபுட்போல் என்ற இந்த விளையாட்டை ஒருமுறை குணலட்சுமியின் போனில் பார்த்தார். ஆறு செக்கன் ஆளை ஆள் முட்டி விழுகிறார்கள். பிறகு அரை நிமிசம் வட்டமாக நின்று கூட்டம் போடுகிறார்கள். பிறகு ஆறு செக்கன்.

"கட்டட வேலை மாதிரித்தான்" என்றார். "கொங்கிறீற் போடுற நேரத்தைவிட ஆலோசிக்கிற நேரம் கூட."

"அதை அவையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள் குணலட்சுமி. "உறுதி எழுதி முடியட்டும்."

அந்த எச்சரிக்கையைக் குகதாசன் மந்திரம் போலக் காத்தார். கீழ்வீட்டுக்கு மூத்தவரின் கோஷ்டி நிறமான பச்சையும் மஞ்சளும் அடிக்கச் சொன்னபோது அடித்தார். மேல்வீட்டுக்குக் கடும்நீலமும் செம்மஞ்சளும் அடிக்கச் சொன்னபோதும் அடித்தார். றோட்டால் போகிறவர்கள், இது எந்தக் கட்சியின் கந்தோர், மேலே ஒன்று கீழே ஒன்றாகக் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்களா என்று விசாரித்தபோது, வாயைத் திறக்காமல் சாந்து குழைத்தார். இவ்வளவு முன்னெச்சரிக்கையான மனிதர்தான் அந்தப் பிழையை விட்டார்.

பிழை என்று சொல்வதும் சரியில்லை. அவர் செய்தது சாத்திரப்படி சரியான காரியம். மாடிவீடு ஒன்று எழும்பினால் ஊர்க்கண் படும். கண்ணூறு கழிய, வைக்கல் அடைத்த வெருளி ஒன்றைச் செய்து, மேலுக்குச் சேட்டும் கீழுக்குக் களிசானும் போட்டு, கரிபூசிய மண்முட்டியைத் தலையாக வைத்து, வீட்டு முகப்பில் கட்டித் தூக்க வேண்டும். பார்க்கிறவன் கண் வீட்டில் விழாமல் வெருளியில் விழும். குடிபூருகிற நாள்வரை அதை இறக்கக் கூடாது. புத்தூரில் கட்டடம் கட்டுகிற எவரும் இதில் விளையாட மாட்டார்கள்.

வெருளிக்குச் சேட்டு வேண்டியிருந்தது. குகதாசனிடம் வேலைக்குப் போடுகிற மூன்று, நல்லது ஒன்று, அதற்கு மேலே ஒன்று. அந்த மேலதிகச் சேட்டு, அத்திவாரம் போட வந்தபோது கஜீபன் கொடுத்துவிட்டுப் போனது. செம்மஞ்சள் நிறம். நெஞ்சில் வாயைத் திறந்தபடி ஒரு கரடித் தலை, முதுகில் பத்து முழத்துக்கு அப்பால் இருந்தும் வாசிக்கக்கூடிய எண். ஒருநாள் போட்டுக்கொண்டு சந்திக்குப் போனார். தனக்குப் பழக்கமான மூன்று நாய்கள் துரத்தின. அன்றோடு அது பெட்டிக்குள் போயிற்று. கண்ணை இழுக்கிற சேட்டு என்றால் இதைவிட வேறு கிடைக்காது. செப்ரெம்பர் ஐந்தாந் திகதி, வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து வெருளிக்கு அதைப் போட்டு மேல்வீட்டு முகப்பில் தூக்கினார். கயிறு கழுத்தில் போட்டிருந்தது. வேறு எங்கே போடுவது.

மார்கழியில் தகப்பனின் திவசத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அவர்கள் வந்த வான் படலையடியில் நின்றது. சுதாகரன் முதலில் இறங்கிப் புதுவீட்டைக் கும்பிட்டார். கஜீபன் இறங்கி மேலே பார்த்தார். பார்த்தபடியே நின்றார். குகதாசனின் அடிவயிற்றில் பழைய கிணற்று ஆமை ஒருமுறை புரண்டது.

"அண்ணை, உது என்ன?"

"வெருளி தம்பி. கண்ணூறு படாமல்."

"அது விளங்குது. போட்டிருக்கிறது என்ன?"

"நீங்கள் தந்த சேட்டுத்தான் தம்பி. நல்ல துணி. இந்த மாரி மழைக்கும் சாயம் போகேல்லை." இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார் என்று குகதாசன் நம்பினார்.

"எண்டைக்குக் கட்டினீங்கள்?"

"செப்ரெம்பர் அஞ்சு. வெள்ளிக்கிழமை."

கஜீபன் போனை எடுத்து விரலால் மேலும் கீழும் தள்ளினார். முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. "அதுக்கு அடுத்த கிழமைதான் எங்கடை முதல் மட்ச்" என்றார். "தோத்தது. அதுக்கு அடுத்ததும் தோத்தது. இண்டைவரைக்கும் பன்னிரண்டிலை பத்துத் தோத்திட்டுது. ரீவியிலை இருந்து கதைக்கிறவங்கள் எல்லாம் காரணம் தேடுறாங்கள். இஞ்சை கயித்திலை தூங்குது காரணம்."

"தம்பி, அதுக்கும் இதுக்கும்..."

"அண்ணை, நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. பருத்தித்துறை வஸ்ஸிலை போறவன் வீட்டைப் பாத்து வயிறெரியிறான். அந்தக் கண் எதிலை விழும்?"

"வெருளியிலை."

"வெருளியிலை எதிலை?"

"சேட்டிலை."

"சேட்டிலை எதிலை?"

குகதாசன் நிமிர்ந்து பார்த்தார். மூன்று மாதமாகப் புத்தூர், அச்சுவேலி, நீர்வேலி எல்லாவற்றின் பெருமூச்சையும் வாங்கிக்கொண்ட கரடித் தலை, திறந்த வாயை மூட முடியாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "கரடியிலை" என்றார். சொன்னபோதே அவருக்கும் அது விளங்கிவிட்டது. முப்பது வருடமாக வெருளி கட்டுகிறவர். அது வேலை செய்யும் என்று அவரைவிட உறுதியாக நம்புகிறவர் ஒருவரும் இல்லை.

சுதாகரன் சிரித்தார். சிரித்து, மணல் கும்பியில் இருந்து, இருமி, கண்ணைத் துடைத்தார். பிறகு அவரும் யோசித்தார். யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் குகதாசனுக்குப் பெரிய பயமாக இருந்தது. படித்த மனிதர் சிரிக்கிறவரை ஆபத்தில்லை.

திங்கட்கிழமை காலை, அமெரிக்காவில் ஞாயிறு இரவு, இரண்டு கோஷ்டியும் மோதுவதாக இருந்தது. புத்தூர் நேரம் ஆறு ஐம்பதுக்குத் தொடக்கம், பத்து மணியளவில் முடிவு. அதே திங்கள் காலை பத்து மணிக்குத்தான் சுன்னாகத்தில் நொத்தாரிசு யசிந்தாவின் கந்தோரில் உறுதி எழுதப் பேசியிருந்தது. அன்று பின்னேரமே சகோதரர்கள் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார்கள், செவ்வாய் விமானம். அடுத்து எப்போது இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள் என்பது ஏரம்பரின் "பிறகு" மாதிரித்தான்.

வெள்ளிக்கிழமை திவசம் முடிந்து, கஜீபன் கிணற்றடியில் கைகழுவியபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணை, நீங்கள் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணை. நான் கட்டாயப்படுத்தேல்லை. ஆனால் திங்கள் ஆறு ஐம்பதுக்கு அந்தச் சேட்டு உதிலை தூங்கினால் எனக்குப் பேனை பிடிக்கக் கை வராது."

அரை மணித்தியாலம் கழித்துச் சுதாகரன், வாழைப்பாத்திப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். "குகண்ணை, நான் உங்களை வெருட்டேல்லை. குடிபூர முதல் வெருளியைக் கழட்டுறது வீட்டுக்குக் கூடாது. சாத்திரம் தெரிஞ்ச நீங்களே அதைச் செய்தால், பிறகு எந்த முகத்தோடை நான் கையெழுத்து வைக்கிறது?"

இரண்டு பேரும் மரியாதையாகவே சொன்னார்கள். இரண்டு பேரும் சொல்லிவிட்டு அவருடைய தோளில் தட்டினார்கள். குகதாசன் அன்று சோறு சாப்பிடவில்லை. சனிக்கிழமை பிடித்த முழக்கயிற்றைக் கீழே விட்டார், மட்டம் பார்க்கிற குழாயை மிதித்தார். இறக்கினால் மூத்தவர் இல்லை. விட்டால் இளையவர் இல்லை. கொட்டிலின் பின்னால் நின்ற இரண்டு தென்னையையும் பார்க்கும்போது, அவை முன்பே வேறு ஒருவருடையவை போலத் தெரிந்தன.

"மெய்யே, ஒராள் தோத்தால் என்ன, கோபம் ஒரு கிழமையிலை போகும்தானே" என்றாள் குணலட்சுமி.

"போன முறை போக எட்டு மாசம் எடுத்தது."

"அப்ப தோக்கிறதுக்கு முதல் கையெழுத்தை வாங்குங்கோ."

அவள் இதை மீன் வெட்டியபடி, ஒரு யோசனையும் இல்லாமல் சொன்னாள். குகதாசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக்குப் பறந்தார்.

நொத்தாரிசு யசிந்தா குருநகர்க்காரி. அலைபோல அடிக்கிற குரல். கந்தோர் வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி இருந்தது. உள்ளே வருகிறவர்கள் போனை நிறுத்தி அதற்குள் போட வேண்டும். முன்பொருநாள் நன்கொடை உறுதி எழுதிக்கொண்டிருந்த தகப்பன், நடுவில் வந்த மருமகனின் போனைக் கேட்டு மனம் மாறிய பிறகு வந்த சட்டம் அது.

"அம்மா, திங்கள் பத்து மணியை ஒன்பதே கால் ஆக்க ஏலாதோ?"

"ஏன், உமக்குப் பத்து மணிக்கு என்ன வேலை?"

"பத்து மணிக்கு ஒராள் தோப்பார் அம்மா."

யசிந்தா அவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இருபத்தெட்டு வருடத் தொழிலில் எத்தனையோ காரணம் கேட்டவர். "எனக்கும் பதினொண்டுக்குக் கோட்டிலை வழக்கு இருக்கு" என்றார். "ஒன்பதே கால். ரெண்டு பேரும் வரவேணும். ஒராளின்ரை கையெழுத்தோடை வந்து அழக்கூடாது. நல்ல சேட்டு ஒண்டு போட்டுக்கொண்டு வாரும், காணிக்காரன் மாதிரி இருக்கட்டும்."

நேரம் சரி. போன் பெட்டியும் சரி. வெருளி மட்டும் அந்தரத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சகோதரர்கள் இரண்டு பேரும் குணலட்சுமியின் கையால் இரண்டு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள். கஜீபன் சாப்பிட்டபோது முகப்பைப் பார்க்காமல் முதுகைக் காட்டி இருந்தார். சுதாகரன் சாப்பிட்டபோது முகப்பைப் பார்த்து இருந்தார், இரண்டாந்தரமும் சோறு கேட்டார்.

திங்கள் விடிய ஐந்தரைக்கு, பனி கொட்டிக்கொண்டிருக்கையில், குகதாசன் ஏணியைச் சாத்தி ஏறினார். கையில், கந்தோருக்குப் போடவென்று குணலட்சுமி மினுக்கி மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேட்டு. வெருளியை இறக்கவில்லை. கயிற்றிலும் கைவைக்கவில்லை. தூங்கினபடியே அதன் கையை ஒன்றொன்றாக உருவி, கரடியைக் கழற்றி, தன் வெள்ளைச் சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டினார். பூட்டும்போது வைக்கல் நெஞ்சு தன்னுடைய நெஞ்சைப் போலவே ஒடுங்கியிருப்பதைக் கவனித்தார். மேல் பொத்தானைப் பூட்டாமல் விட்டார், அவரும் பூட்டுவதில்லை. இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தபோது, மேல்வீட்டு முகப்பில் தானே கயிற்றில் தூங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஏணியின் கடைசிப் படியில் குந்திவிட்டார்.

சுதாகரன் ஆறரைக்கு, இரண்டு பேரும் தங்கியிருந்த தகப்பனின் பழைய வீட்டில் இருந்து வெளியே வந்தார். தலையில், கேக் துண்டை வெட்டி வைத்தது போல ஒரு மஞ்சள் தொப்பி. அவருடைய கோஷ்டிக்காரர்கள் பால்கட்டி வடிவில் அப்படித்தான் அணிவார்களாம். குகதாசனுக்கு அது எப்போதும் கூரை வளையின் கீழே வைக்கிற ஆப்பாகவே தெரியும். மூத்தவர் மேலே பார்த்தார்.

"குகண்ணை, நான் என்ன சொன்னனான்?"

"வெருளியைக் கழட்ட வேண்டாமெண்டு சொன்னீங்கள் தம்பி. கழட்டேல்லை."

"சேட்டை மாத்தியிருக்கிறியள்."

"ஓம்."

"உது ஆரின்ரை சேட்டு?"

"என்ரை." தொடங்கியதை நிறுத்தவும் குகதாசனுக்குப் பயமாக இருந்ததால் தொடர்ந்தார். "கண்ணூறு ஆருக்கோ போகத்தான் வேணும் தம்பி. உங்கடை தம்பியின்ரை ரீமுக்குப் போனால் அவர் கையெழுத்து வைக்க மாட்டார். உங்கடை ரீமுக்குப் போனால் நீங்கள் வைக்க மாட்டியள். எனக்கு ரீம் இல்லை. எனக்கே வரட்டும்."

சுதாகரன் தொப்பியைக் கழற்றினார். உள்ளேயிருந்து விளையாட்டுத் தொடங்குகிற கொட்டுச் சத்தம் வந்தது. தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஓடினார்.

சீமெந்துப் பையின் மேலே கணினி. பழைய வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் அண்ணன், மறுமூலையில் தம்பி. நடுவில் வாசற்படியில், கறை படிந்த வேலைச் சேட்டோடு குகதாசன். அவர் பந்தைப் பார்க்கவில்லை. இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்று மலர்ந்தால் மற்றது கறுத்தது. எது மலர்ந்தாலும் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு ஐம்பத்தைந்துக்கு ஆட்டம் பதினேழுக்குப் பதினேழு என்று நின்றது. ஓட்டோக்காரர் லெனாட் படலையில் கோண் அடித்தார்.

"இப்பவோ?" என்றார் கஜீபன்.

"நொத்தாரிசு அம்மாவுக்குக் கோட்டிலை வழக்கு இருக்காம் தம்பி."

லெனாட் சாட்சிக்கும் சேர்த்துத்தான் வந்திருந்தார். வழி முழுக்க இரண்டு போனும் இரண்டு பக்கமாகக் கத்தின. புத்தூர்ச் சந்தியில் சிக்காகோ முந்தியது. ஊரெழுவில் கிரீன் பே பிடித்தது. "சவாரி வண்டிலிலை போற மாதிரி இருக்கு" என்றார் லெனாட். குகதாசன் போர்க்காலத்தில் தன் தலைக்கு மேலே நடந்த செல்லடியைக் கேட்பவர் போல இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையை வைத்திருந்தார்.

பனையோலைப் பெட்டியைக் கண்டதும் இரண்டு பேரும் திகைத்தார்கள். நூறு வருடப் பகையில் முதன்முறையாக இரண்டு தரப்பும் ஒரே முகத்தோடு நின்றது அந்த வாசலில்தான்.

"போடுங்கோ" என்றார் யசிந்தா.

போட்டார்கள். உறுதியை வாசிக்கத் தொடங்கினார். நொத்தாரிசு வாசிப்பது என்றால் ஒரு சொல்லும் தப்பாது. கிழக்கே இன்னாரின் வளவு, மேற்கே ஒழுங்கை, வடக்கே உரிமைக்காரரின் எஞ்சிய காணி. தென்னை இரண்டும் பெயர் சொல்லி வந்தன. பெட்டிக்குள் நிறுத்த மறந்த ஒரு போன் உறுமியது. கஜீபனின் முழங்கால் மேசையின் கீழே ஆடியது. சுவர் மணிக்கூட்டில் ஒன்பது நாற்பத்திரண்டு. தெற்கே எல்லைக்கு வந்தபோது குகதாசன் மனதுக்குள் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டு, இந்த அம்மாவின் நாக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் விடும்படி கேட்டார்.

யசிந்தா தாளைத் திருப்பியபடி அவரைப் பார்த்தார். "என்ன குகதாசன், நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொன்னனான்."

"இருந்தது அம்மா. வேலையிலை நிக்குது."

சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டார். பேனை முதலில் அவரிடம்தான் வந்தது. மூன்று இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத் தம்பிப் பக்கம் தள்ளினார். கஜீபன் பேனையைத் தாளில் வைத்தார். பெட்டிக்குள் மீண்டும் உறுமல், இம்முறை நீளமாக, விடாமல். யாரோ சிக்காகோவில் இருந்து தாங்க முடியாமல் அடிக்கிறார்கள்.

"ஒருக்கால் பாத்திட்டு வைக்கட்டே?" என்றார்.

வந்தது வெற்றிச் சேதியோ தோல்விச் சேதியோ, குகதாசனுக்குத் தெரியாது. தோல்வி என்றால் ஒன்றரைப் பரப்பும் அந்தப் பனையோலைப் பெட்டிக்குள் கிடந்து உறுமிக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்" என்றார் யசிந்தா. "பாத்தால் நான் திரும்ப முதலிலை இருந்து வாசிப்பன். கிழக்கே..."

கஜீபன் கையெழுத்து வைத்தார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. லெனாட்டும் கந்தோர் லிகிதரும் சாட்சி வைத்தார்கள். கடைசியாகக் குகதாசன் வைத்தார். அவருடைய பெயரே வேறு யாருடையதோ போல விழுந்தது. யசிந்தா அடையாள அட்டையைத் திரும்ப வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு இரண்டு பேரும் பெட்டிக்குப் பாய்ந்தார்கள். கஜீபன் போனைப் பார்த்து, சுவரில் சாய்ந்து, குழந்தை மாதிரி விம்மினார். சிக்காகோ வென்றிருந்தது. கடைசி நிமிசத்தில், மூன்று புள்ளியால். சுதாகரன் மேசையில் கிடந்த தன் கையெழுத்தைத் திரும்பிப் பார்த்தார். மை காய்ந்திருந்தது.

"குகன் அண்ணை" என்று கஜீபன் வந்து கட்டிப்பிடித்தார். "உங்கடை சேட்டு மாறின முதல் நாள்."

அணைப்புக்குள் நின்றபடி குகதாசன் மூத்தவரின் முகத்தைப் பார்த்தார். சுதாகரன் கோபிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொள்கிற மாதிரித் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் குகதாசனுக்குப் பிடிக்கவில்லை.

சகோதரர்கள் போய்விட்டார்கள். உறுதி இப்போது குணலட்சுமியின் கூறைப்பெட்டிக்குள், கற்பூரத்தோடு இருக்கிறது. ஆனால் பெரிய வீட்டுக் குடிபூரல் வைகாசிக்குத்தான். அதுவரை, வஸ்ஸில் போகிற பெருமூச்செல்லாம் குகதாசனின் வெள்ளைச் சேட்டில் விழுந்துகொண்டே இருக்கிறது. தைமாதம் அவருக்குப் பல் வலித்தது. கிணற்றுக் கப்பி உடைந்தது. அவர் ஒதுங்கி நின்ற இடத்தில் இருந்து இரண்டடி தள்ளித் தேங்காய் விழுந்தது. அதுவும் இப்போது அவருடைய சொந்தத் தேங்காய். ஒழுங்கையில் யாராவது முகப்பை நிமிர்ந்து பார்த்தால், குகதாசன் கீழே நின்று நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். தன் சேட்டைப் பார்த்து ஒருவர் தும்மினதற்கு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

மாசியில் தன் ஒன்றரைப் பரப்பில் இரண்டு அறைக் கல்வீடு ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டினார். செய்தி அமெரிக்காவுக்குப் போயிற்று. பங்குனியில் ஒரே கிழமையில் இரண்டு பார்சல்கள் வந்தன. சுதாகரன் அனுப்பியதில் புத்தம்புதிய செம்மஞ்சள் சேட்டு, கரடித் தலையோடு. கஜீபன் அனுப்பியதில் புத்தம்புதிய பச்சைச் சேட்டு, மஞ்சள் எழுத்தோடு. நூறு வருடப் பகையின் உடுப்பை, இரண்டு பேரும் தங்கள் ஊர்க் கடையில் ஆள் தெரியாமல் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு பார்சலிலும் ஒரே மாதிரி ஒரு துண்டுக் கடிதம். "உங்கடை புது வீட்டு வெருளிக்கு. செப்ரெம்பருக்கு முதல் கட்டிவிடுங்கோ."

குணலட்சுமி இரண்டையும் விரித்துப் பார்த்துவிட்டு, "துணி நல்லது" என்றாள்.

குகதாசன் இரண்டையும் ஒன்றை ஒன்று தொடாமல் பேப்பரில் சுற்றி, ஒன்றைப் பெட்டியிலும் மற்றதைப் பரணிலும் ஒளித்தார். வெருளி கட்டாமல் வீடு எழுப்ப முடியாது. கட்டினால் உடுப்பு வேண்டும். தன்னுடையதில் இன்னொன்றைக் கொடுக்கத் துணிவில்லை. ஊரில் பழைய சேட்டுக் கேட்டுப் பார்த்தார். கதை பரவியிருந்தது, ஒருவரும் கொடுக்கவில்லை. "என்ரை மகனின்ரை ஏ.எல். சோதினை வருது அண்ணை" என்று ஒருவர் படலையைச் சாத்தினார்.

இப்போது அந்த மூலையில், இடுப்பளவு எழும்பிய சுவருக்கு முன்னால் ஒரு வெருளி நிற்கிறது. கரிமுட்டித் தலை, வைக்கல் உடம்பு, ஒரு கந்தல் களிசான். மேலே ஒன்றும் இல்லை. போகிறவர்கள் நின்று, ஏன் இது வெறும்மேலோடு நிற்கிறது என்று கேட்கிறார்கள். குகதாசன் சாந்தைக் குழைத்துக்கொண்டே இருக்கிறார். மழை இருட்டினால் மட்டும், சாந்துச் சட்டியை வைத்துவிட்டு வந்து, அதன் நெஞ்சில் ஒரு சாக்கைப் போர்த்துவிட்டுப் போகிறார். சாக்கில் எழுத்தோ படமோ இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான்.